அடியில் வைத்த நான்கு டியூப்கள்

எங்கள் பழைய ஆராய்ச்சிக் கூடத்தில் படித்தவர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவரப் போகிறார்களாம். போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். அவள் கூடத்தை ஒட்டிய கல்லூரியில் இப்போது ஆராய்ச்சி செய்பவள், நான் பார்த்தே இராத தலைமுறை. "மேடம், இனிமையான அனுபவமா பார்த்து எழுதிக் குடுங்க, நாலு பக்கம் போதும்" என்றாள். கூடவே ஒரு செய்தியும் சொன்னாள். எந்த டியூபில் எந்த மருந்து என்று மறைத்து வைக்கும் வேலையை இப்போது கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறதாம். "உங்க காலத்துல மாதிரி ஒருத்தர் வாய மூடிக்கிட்டு உக்கார வேணாம் மேடம்" என்று சிரித்தாள். அந்த ஒருத்தர் நான்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. நானும் சொல்லவில்லை.

வேங்கிக்காலில் நான் தனியாக இருக்கும் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இனிமை வருமா என்று தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

நான் ஷமீம். திருவண்ணாமலையிலேயே பிறந்து, அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்து, லேப் டெக்னீஷியன் டிப்ளமோ வாங்கி, ஒரு ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தா எனக்கு மாப்பிள்ளை பார்த்தார். பிறகு அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனது, அவரை நான் பார்த்தேன். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியை ஒட்டி, ஓர் அறக்கட்டளையின் தயவில் மூன்று அறைகளில் ஒரு ஆராய்ச்சிக் கூடம் தொடங்கியபோது அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். தலைவர் டாக்டர் பத்மாவதி. எங்களுக்கு மேடம்.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். ரத்தக் குழாயின் உட்சுவரில் ஓடு பதித்தது போல ஒரே வரிசை செல்கள் இருக்கின்றன. கடுமையான நோய்த்தொற்றில் முதலில் சேதமாவது பல நேரம் அந்த வரிசைதான், குறிப்பாக நுரையீரலில். மருந்தை ஊசியில் போட்டால் அது உடம்பு பூராவும் சுற்றுகிறது, வேண்டிய இடத்தில் தங்குவது கம்மி. ஆனால் அந்தச் செல்களின் மேல் சில அடையாளங்கள் உண்டு. அந்த அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைக் கொழுப்பால் ஆன நுண்ணிய உருண்டைகளின் மேல் ஒட்டி, உருண்டைக்குள் மருந்தை வைத்து அனுப்ப வேண்டும். பௌர்ணமிக்கு லட்சம் பேர் மலையைச் சுற்றினாலும், தன் ராசிக்கு உரிய லிங்கம் வந்ததும் ஒருவர் மட்டும் நின்று கற்பூரம் ஏற்றுகிறாரே, அதுபோல ஆன்டிபாடி தன் இடத்தில் நிற்க வேண்டும். நிற்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

அதைப் பார்க்கும் முறை இது. நான்கு டியூபில் இடம் தெரிந்த ஆன்டிபாடி ஒட்டிய உருண்டைகள். நான்கு டியூபில் எந்த இடமும் தெரியாத சாதாரண ஆன்டிபாடி ஒட்டியவை. எல்லா உருண்டைக்குள்ளும் மருந்துக்குப் பதில் ஒளிரும் சாயம். எலிக்கு ஊசியில் ஏற்றி, நுரையீரலில் எவ்வளவு சாயம் தங்கியது என்று அளக்க வேண்டும். எட்டு டியூபுக்கும் கறுப்புக் காகிதம் சுற்றி, எழுத்து மட்டும் போட்டு, எது எது என்று ஒரு சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி மேடமிடம் கொடுத்துவிட வேண்டும். ஊசி போடுபவருக்கும் தெரியக்கூடாது, அளப்பவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் கை தானாக ஒரு பக்கம் சாயும் என்பார் மேடம்.

எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் குறி போட்ட நேரத்திலிருந்து உறை பிரிக்கும் வரை நான் யாரோடும் பேசக்கூடாது. முகத்தைக்கூடக் காட்டக்கூடாது. ஸ்டோர் ரூமைத் தடுத்து உண்டாக்கிய குறி அறையில் ஒரு நாற்காலி, ஒரு மேசை. சாப்பாடும் அங்கேயே. ஒரு ஆய்வு என்றால் ஒரு நாள், சில சமயம் மூன்று நாள். வாரம் தவறாமல் ஏதாவது ஆய்வு இருக்கும். கொஞ்ச வருஷத்தில் ஒன்று கவனித்தேன். ஆய்வு இல்லாத நாட்களிலும் யாரும் என்னோடு பேசுவதில்லை. வேண்டுமென்று இல்லை, பழகிவிட்டது. நான் உள்ளே போனால் பேச்சு தணிந்துவிடும். "ஏன் இந்த வேலைக்கு என்னையே போடுறீங்க மேடம்?" என்று ஒரு முறை கேட்டேன். "உங்களுக்குத்தான் பேச ஆள் வேணும்னு தோணறதில்லை" என்றார். அவர் என்னைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

மேடம் அப்படித்தான். 'நன்று' என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. எலியின் நுரையீரலை உப்பு நீரில் கழுவும்போது பக்கத்தில் நிற்பார். ரத்தம் முழுக்கப் போய் அது மல்லிகைப்பூ வெள்ளையாக ஆகும்வரை விடமாட்டார். "இன்னும் ரோஸா இருக்கு" என்பார். நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணாடியை மேலே தள்ளி, "சரி, அப்புறம்?" என்பார். ஆனால் ஒரு விஷயத்தில் நியாயமானவர். ஒவ்வொரு ஆய்வுக்கும் முன்னால் உறையை வாங்கும்போது, "ஏதாவது சொல்லணுமா?" என்று என்னைக் கேட்பார். நான் "நிறுத்துங்க" என்று ஒரு சொல் சொன்னால் போதும். காரணம் கேட்காமல் நிறுத்திவிடுவார். அது எனக்கு இருந்த ஒரே அதிகாரம்.

செல்வி வந்தது கூடத்தின் கடைசிக் காலத்தில். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் டீக்கடை வைத்திருக்கும் ஏழுமலையின் மகள். முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தாள். வீட்டில் கல்லூரியைத் தாண்டிய முதல் ஆள். எலி வாலை வெந்நீரில் நனைத்து, நரம்பு எழும்பியதும் ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிடுவாள். அப்படி ஒரு கை. வந்த முதல் நாளே என்னை "அக்கா" என்றாள். மற்றவர்கள் "ஷமீம் மேடம்" என்று ஒதுங்கும்போது இவள் மட்டும் குறி அறையைக் கடந்து போகும்போது கதவில் விரலால் இரண்டு முறை சொடுக்கிவிட்டுப் போவாள். பேசினால்தானே தப்பு.

இரண்டரை வருஷம் அவளுடைய ஆய்வில் ஒன்றும் பிடிபடவில்லை. அறக்கட்டளைக்குப் பொறுமை போய், கூடத்தைத் தொடர்வதா மூடுவதா என்று பார்க்க ஒரு குழுவை அனுப்பப் போவதாகக் கடிதம் வந்தது. கடைசி முயற்சியாக ஒரு புது ஆன்டிபாடி. உருண்டைகளைச் சென்னையில் ஒரு கூடத்தில் செய்து தந்தார்கள், போய் வாங்கி வர வேண்டியது நான். நாள் பார்த்தால் பௌர்ணமி.

பௌர்ணமி அன்று நம் ஊருக்குள் பஸ் வராது என்பது தெரியும். வழியில் எத்தனை மணி நேரம் ஆகுமோ, பொருள் சூடாகிவிடுமோ என்று பயம். அதனால் டீப் ஃப்ரீசரில் கல்லாகக் கிடந்த ஜெல் பாக்கெட்டுகளைக் கேட்டு வாங்கிப் பெட்டியின் அடியில் அடுக்கினேன். இடம் தெரிந்த ஆன்டிபாடி டியூப் நான்கையும் அதன் மேல் நேராக வைத்தேன். இடம் தெரியாத சாதாரண டியூப்களைப் பஞ்சு சுற்றி மேலே வைத்தேன். விலை உயர்ந்தது அதிகக் குளிரில் இருக்கட்டும் என்று நினைத்தேன். பிடித்த பிள்ளைக்கு ஒரு கரண்டி ஜாஸ்தி போடுவதுபோல. முதல் வருஷ மாணவிகளுக்கு நானே சொல்லிக்கொடுப்பது: உருண்டைகள் குளிர்ச்சியில் இருக்கலாம், உறையவே கூடாது. அதைச் சொல்லிக்கொடுத்தவள்தான் இப்படி அடுக்கினேன்.

செஞ்சி சாலையிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வெயில் இறங்கும் நேரம். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தேன். கூடத்துக்கு வந்து திறந்தால் மேலே இருந்த நான்கும் தண்ணீராக ஆடின. அடியில் இருந்த நான்கும் ஐஸ்.

கூடத்தில் யாரும் இல்லை. அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலை உருகிப் பழையபடி இருந்தன. கொஞ்சம் பால் கலந்த மாதிரி இருந்ததோ என்று ஒரு சந்தேகம். வியாழக்கிழமை குறி போட்டு உறையை நீட்டினேன்.

"ஏதாவது சொல்லணுமா?"

இல்லை என்று தலையாட்டினேன். குழு வருவதற்குள் மறுபடி செய்து வாங்க நாள் இல்லை. கெட்டுப்போயிருந்தால் ஒன்றும் தங்காது, பூஜ்யம் வரும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பூஜ்யம் வரவில்லை. சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் செல்வி கத்தியது கேட்டது. கதவைத் திறந்துகொண்டு மேடமும் அவளும் வந்தார்கள். மேடம் கையில் எழுத்துகள் போட்ட தாள். நான்கு எழுத்துகளுக்கு நேரே அவ்வளவு பெரிய எண்களை அந்தக் கூடம் பார்த்ததில்லை. உறையைப் பிரித்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த நான்கும் இடம் தெரிந்த ஆன்டிபாடி. நான்கும் ஐஸ் ஆனவை.

செல்வி என்னைக் கட்டிக்கொண்டாள். மேடம் அப்போதும் "அப்புறம்?" என்றார். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கெட்டுப்போன பொருள் எப்படி வேலை செய்யும், ஒருவேளை உறைந்ததால் ஒன்றும் ஆகவில்லையோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் செல்வி தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டாள். "இனிமே ஆய்வு இல்ல, எழுதற வேலைதான். நீங்க பேசலாம்கா. வாங்க, சாப்புடுவோம்." கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். நான் கொண்டுபோன தக்காளி சோற்றில் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள். தினமும் அப்படியே. அவள் அப்பா கதை, ஸ்கூட்டி வாங்கப் போகும் கதை, குழு வந்தால் என்ன புடவை என்ற கதை. நானும் பேசினேன். எனக்கு இவ்வளவு பேச வருமா என்று எனக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை காலை, மீதமிருந்த ஆன்டிபாடி டியூபின் அடியில் மாவு போல ஏதோ படிந்திருந்தது. ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உருண்டைகள் அதில்கூடத் தெரியக்கூடாதவை. எனக்குத் திட்டுத் திட்டாகத் தெரிந்தன. உறைந்து உருகியதில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. வால் நரம்பில் ஏற்றிய எதுவும் முதலில் போய்ச் சேரும் மெல்லிய குழாய்கள் நுரையீரலில்தான். கைகோத்துக்கொண்டு நடக்கும் கூட்டம் குறுகிய சந்தில் மாட்டுவது போல, கட்டிகள் அங்கே அடைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. அதை ஆன்டிபாடி பிடித்துக்கொண்டது என்று நாங்கள் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். அன்று மதியமும் செல்வியோடு சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சொந்தக்காரரைப் பார்க்க அடி அண்ணாமலைப் பக்கம் ஆட்டோவில் போனேன். ஏழுமலை கடைக்கு மேலே, ரோட்டை மறைத்து ஒரு பிளெக்ஸ். செல்வி வெள்ளைக் கோட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள். 'நுரையீரலுக்கு நேராக மருந்து அனுப்பிய எங்கள் ஊர் விஞ்ஞானி' என்று பெரிய எழுத்து. கீழே சித்தப்பா, மாமா, நண்பர்கள் என்று வட்ட வட்டமாக முகங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தைத் திறந்து, சாதாரண டியூபில் மிச்சமிருந்ததை ஃப்ரீசரில் உறைய வைத்து உருக்கினேன். இடம் தெரியாத ஆன்டிபாடி, அது எங்கும் நிற்கக் கூடாது. இரண்டு எலிகளுக்கு நானே ஊசி போட்டேன், நானே நுரையீரலை வெள்ளையாகும்வரை கழுவினேன், நானே அளந்தேன். வியாழக்கிழமை வந்த அதே பெரிய எண்கள் வந்தன.

திங்கட்கிழமை மதியத்துக்கு மேல் மேடம் அறைக்குப் போய்த் தாளை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை எப்படி அடுக்கினேன் என்பது முதல்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"வியாழக்கிழமை குறி போடும்போதே ஐஸ் ஆனது தெரியும் மேடம். பதினொரு நாள்."

பென்சிலை எடுத்துத் தாளில் ஒரு கேள்விக்குறி போட்டார். "இந்த ரெண்டு எலிக்கு யாரு குறி போட்டாங்க?"

"யாரும் போடலைங்க. நானேதான் எல்லாம்."

"அப்போ இதை நான் எப்படி நம்பறது?"

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்தது அதைவிடக் கஷ்டம். செவ்வாய்க்கிழமை மிச்சமிருந்த பொருளில் முழு ஆய்வையும் முறைப்படி மறுபடி செய்யச் சொன்னார். நானும் செல்வியும் ஊசி போட்டு அளக்க, மேடமே குறி போட்டுவிட்டு என் நாற்காலியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். செல்வியிடம் திங்கட்கிழமையே மேடம் சொல்லிவிட்டார். அவள் அன்று முழுக்க எலிகளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முடிவு மாறவில்லை. உறைந்த டியூப், அதில் எந்த ஆன்டிபாடி இருந்தாலும், நுரையீரலில் அடைத்துக்கொண்டது. உறை பிரித்து முடித்து எழுந்தபோது மேடம் சொன்னது ஒன்றுதான்: "இந்த ரூம்ல ஃபேன்கூட இல்லையா ஷமீம்?"

புதன்கிழமை வந்த குழுவுக்கு முன்னால் மேடம் முதல் ஆய்வுத் தாளையும் மறு ஆய்வுத் தாளையும் வைத்து, பிழை கூடத்தின் பிழை என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் ஒரே ஒரு வருஷம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் செல்வி என் முன்னால் வந்து நின்றாள். "எங்க அப்பாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. எனக்கு வாய் வரல."

போனேன். கடையில் ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை பால் பாத்திரத்தைக் கீழே இறக்கிவிட்டு நான் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார். என்ன புரிந்ததோ.

"எம் பொண்ணு ஏதும் தப்பு பண்ணிடலியேம்மா?"

"இல்லீங்க. தப்பு என்னுது."

"அப்போ அத்த இங்க இருக்கறவங்களுக்கும் சொல்லிடுங்க. நாளைக்கு அவளப் பாத்து எவனும் சிரிக்கக் கூடாது."

டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் நின்று, நான் பொருளை உறைய வைத்துவிட்டேன், அதனால் முடிவு தப்பாக வந்தது, செல்வியின் மேல் குற்றம் இல்லை என்று சொன்னேன். "அப்ப மருந்து இல்லியா?" என்று ஒருவர் கேட்டார். "இல்லீங்க" என்றேன். ஏழுமலை ஸ்டூல் போட்டு ஏறி, பிளெக்ஸின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கிழியாமல் அவிழ்க்க வெகுநேரம் ஆனது. நான் கீழ் மூலையைப் பிடித்துக்கொண்டேன்.

ரோட்டுக்கு வந்ததும் செல்வி பேசினாள்.

"ஐஸ் ஆனதுக்கு நான் கோவப்படலைங்க. அது யாருக்கும் ஆகும். அன்னிக்கே சொல்லியிருந்தா அழுதுட்டு வேற வேல பாத்திருப்பேன். பதினொரு நாளு எம்பக்கத்துல உக்காந்து சாப்ட்டீங்களே. நான் புடவ கலரு கேட்டப்போ பச்ச கட்டிக்கன்னு சொன்னீங்களே. எப்படி முடிஞ்சிது உங்களுக்கு?"

கை காட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். அவள் 'அக்கா' என்று சொல்லவில்லை என்பதை ஆட்டோ ஏறிய பிறகுதான் கவனித்தேன்.

அந்த ஒரு வருஷத்தில் அவள் புது உருண்டைகளோடு எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். உண்மையாகவே கொஞ்சம் தங்கியது. சின்ன எண்தான், ஆனால் எத்தனை முறை செய்தாலும் வந்தது. பட்டம் வாங்கினாள். கதவு சொடுக்கு நின்றுபோனது. நான் அவளுக்கு ஷமீம் மேடம் ஆனேன். மேடம் ஓய்வு பெற்றதும் கூடம் மூடியது. என்னைக் கல்லூரியின் ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள், அங்கிருந்து வீட்டுக்கு வந்தேன். செல்வி இப்போது வேறு மாநிலத்தில் சொந்தமாக ஒரு கூடம் நடத்துகிறாள். இந்த மலர் அவளுக்கும் போகும்.

அதனால் அவள் ரோட்டில் கேட்டதற்குப் பதிலை எழுதிவிடுகிறேன். கூடம் மூடிவிடுமே என்ற பயத்தால் நான் சும்மா இருந்தேன் என்று மேடம் நினைத்துக்கொண்டார். உன் பட்டம் போய்விடுமே என்பதற்காக என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டையும் நான் மறுக்கவில்லை, கேட்க நன்றாக இருந்தது. உண்மை அது இல்லை செல்வி. சொன்ன மறு நிமிஷம் நீ டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும்.

நீ பதினொரு நாள் என்றாய். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் கழித்தால் ஒன்பது சாப்பாடு. அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே என் பையில் அந்தத் தாள் இருந்தது. மேடமும் காலையிலேயே வந்துவிட்டார். அன்று உன் அம்மா எனக்கென்று தனி டப்பாவில் முருங்கைக்கீரை அடை கொடுத்தனுப்பியிருந்தார். உன்னோடு உட்கார்ந்து அதைக் கடைசித் துண்டுவரை சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி உன்னிடம் கொடுத்துவிட்டுத்தான் மேடம் அறைக்குப் போனேன்.